டொலோரெஸ் ஊரின் பங்குத்தந்தை

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் ஜார்ஜ் வாஷிங்டனின் பெயர் நம் நாவில் தானாக வந்து நிற்கும். அந்த நாட்டுக்குத் தெற்கே, அடுத்த வீடுபோல் இருக்கும் மெக்சிகோவின் விடுதலைத் தந்தை யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவர் படைத்தலைவர் அல்லர்; பெருஞ்செல்வரும் அல்லர். ஒரு சிற்றூரின் பங்குத்தந்தை. வழுக்கைத் தலையும், அதைச் சுற்றி நரைத்த முடியும், சற்றே கூனிய தோளும் உடைய 57 வயதுக் குருவானவர். பெயர் மிகுவேல் ஹிடால்கோ. நாள்தோறும் திருப்பலிக்கு மக்களை அழைத்த ஆலய மணி, 1810ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் விடியுமுன் அவர் சொற்படி போருக்கு அழைத்தது. ஒரு குருவானவரை அந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது எது?

ஹிடால்கோ 1753ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், குவானாஹுவாட்டோ மாநிலத்துப் பென்ஹாமோ ஊரின் அருகே கொர்ராலெஹோ என்ற பண்ணையில் பிறந்தார். அப்போது மெக்சிகோவுக்குப் புதிய ஸ்பெயின் என்று பெயர். தந்தை கிறிஸ்டோபல் அந்தப் பண்ணையின் மேலாளர். தாய் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். பண்ணையில் உழைத்த பூர்வகுடி மக்களோடு பழகி வளர்ந்த சிறுவன் பின்னாளில் இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளோடு அந்த ஏழை மக்களின் மொழிகளையும் பேசக் கற்றிருந்தான். இது சிறிய செய்தியன்று. மக்களின் மொழி தெரியாமலே அவர்களை ஆண்டவர்கள் அந்த நாட்டில் நிறையப் பேர் இருந்தார்கள்.

12 வயதில் அவர் வல்லடோலிட் நகரில் (இன்று அதன் பெயர் மொரேலியா) இயேசு சபைக் குருக்களின் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகள்! 1767இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் அனைத்திலிருந்தும் இயேசு சபையார் வெளியேற வேண்டும் என்பது ஆணை. காரணம் என்ன என்று மன்னர் சொல்லவில்லை. அதைத் தம் உள்ளத்திலேயே வைத்துக்கொண்டார். புதிய ஸ்பெயினிலிருந்து மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட குருக்களும் சகோதரர்களும் துறைமுகத்துக்கு நடத்திச் செல்லப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். சில ஊர்களில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். பலர் தூக்கிலிடப்பட்டனர். குடிமக்கள் வாய்மூடிக் கீழ்ப்படியப் பிறந்தவர்களேயன்றி அரசின் காரியங்களை ஆராயப் பிறந்தவர்கள் அல்லர் என்ற கருத்துப்பட அரசப் பிரதிநிதி ஓர் அறிக்கையும் விட்டார். நேற்றுவரை பாடம் சொன்ன ஆசிரியர்கள் காலையில் இல்லை. கல்லூரி பூட்டிக் கிடக்கிறது. 14 வயது மாணவனின் உள்ளத்தில் அது என்ன செய்திருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடிகிறது.

பிறகு அதே நகரில் சான் நிக்கோலாஸ் கல்லூரியில் படித்தார். அவருடைய கூர்மையைக் கண்ட தோழர்கள் 'நரி' என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். 1778இல் குருப்பட்டம் பெற்றார். அதே கல்லூரியில் பேராசிரியராகி, 1790இல் அதன் தலைவரானார். இரண்டு ஆண்டுகளில் அப்பதவியை விட்டு ஊர்ப் பங்குகளுக்குப் போனார். சான் பெலிப்பே என்ற ஊரில் இருந்தபோது பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் நாடகங்களை மொழிபெயர்த்து நடிக்க வைத்தார். அவர் வீட்டில் பெரியவரும் சிறியவரும் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள், ஆடினார்கள், பாடினார்கள். ஊரார் அவ்வீட்டுக்குச் 'சின்ன பிரான்சு' என்றே பெயரிட்டனர். பிரெஞ்சுப் புரட்சி நடந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. அந்தப் பெயரே ஆபத்தானது. 1800இல் சமய விசாரணை மன்றம் அவர்மீது விசாரணை தொடங்கியது. போதிய சான்று இல்லையென்று அப்போது விட்டுவிட்டது. அவரைப் புனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. சூதாட்டத்தில் பணம் விட்டவர், கடன்பட்டவர், கணக்கு வழக்கில் கண்டிப்பில்லாதவர்.

1803இல் டொலோரெஸ் ஊரின் பங்குத்தந்தை இறந்தார். அவர் ஹிடால்கோவின் சொந்த அண்ணன். அவ்விடத்துக்குத் தம்பி வந்தார். இங்கேதான் நமக்கு அவரை மிகவும் பிடித்துப்போகிறது. ஞான காரியங்களுக்குத் துணைக்குரு ஒருவரை வைத்துவிட்டு, ஏழை மக்களுக்குத் தொழில் கற்பிப்பதில் இறங்கினார். மட்பாண்டம், செங்கல், தோல் பதனிடுதல், தச்சு, கொல்லுப்பட்டறை எல்லாம் நடந்தன. மல்பெரி மரங்களை நட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். தேனீப் பெட்டிகளை வரவழைத்தார். திராட்சைக் கொடிகளும் ஒலிவ மரங்களும் நட்டார். மாலையில் இரவுப் பாடம். அதன்பின் வாத்தியக் குழுவின் இசை. தையல் வகுப்பும் தோட்டவேலையும் பாடமாக உள்ள பள்ளியில் படிக்கும் நமக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆனால் திராட்சைக் கொடியில் ஒரு சிக்கல் இருந்தது. புதிய ஸ்பெயினில் திராட்சையும் ஒலிவமும் தாராளமாகப் பயிரிடக் கூடாது. ஏன்? ஸ்பெயின் நாட்டுத் திராட்சை இரசத்தையும் ஒலிவ எண்ணெயையும் இங்கே விற்க வேண்டுமே! டொலோரெஸில் அவர் நட்டவற்றை அரசாங்கத்தார் வந்து அழித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. மற்றவையும் அப்படித்தான். புகையிலை, வெடிமருந்து, வெள்ளிச் சுரங்கத்துக்கு இன்றியமையாத பாதரசம், சீட்டுக்கட்டு, முத்திரைத்தாள் இவை யாவும் அரசின் தனியுரிமை.

அந்த மன்னர் இருந்ததோ அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால். பாய்மரக் கப்பலில் போய்ச் சேர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். இங்கிருந்து ஒரு விண்ணப்பம் போய் மறுமொழி வர அரை ஆண்டு ஆகும். பல சமயம் அதற்கும் மேல். முந்நூறு ஆண்டுகள் மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் மன்னர்களில் ஒருவர்கூட அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. அவர் பெயரால் அரசப் பிரதிநிதி ஆண்டார்.

சமுதாயமோ படிப்படியாக அடுக்கி வைத்ததுபோல் இருந்தது. எல்லாருக்கும் மேலே ஸ்பெயினில் பிறந்து வந்தவர்கள். எண்ணிக்கையில் மிகச் சிலர். உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் அவர்களுக்கே. அடுத்து கிரியோல்லோக்கள்: ஸ்பானிய இரத்தம்தான், ஆனால் மெக்சிகோவில் பிறந்துவிட்டார்கள்! அந்த ஒரு குறைக்காக ஆயர் பதவியோ உயர் நீதிபதி பதவியோ அவர்களுக்கு எட்டுவது அரிது. ஹிடால்கோ இவ்வகுப்பைச் சேர்ந்தவர். அவர்களுக்குக் கீழே கலப்பினத்தவர், பூர்வகுடிகள், ஆப்பிரிக்க அடிமைகள். பூர்வகுடிகள் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் திறை கட்ட வேண்டும். ஆப்பிரிக்க இரத்தம் கலந்த சுதந்திர மனிதரும் கட்ட வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ஹும்போல்ட் 1803இல் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, செல்வம் இத்தனை ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்ட நாடு வேறில்லை என்ற கருத்தை எழுதினார்.

இவை எல்லாம் பழைய புண்கள். 1804 டிசம்பரில் வந்த ஆணை புதிய வெட்டு. இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். மெக்சிகோவில் அன்று இன்றைய வங்கிகள் இல்லை. மக்கள் கோயிலுக்கும் மடங்களுக்கும் அறச்செயலுக்காக விட்டுச்சென்ற பணத்தைத் திருச்சபை, நிலத்தை அடமானமாகப் பெற்று, ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியில் கடனாகக் கொடுத்து வந்தது. வட்டி கட்டினால் போதும். முதலைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்கமாட்டார்கள். அந்தப் பணத்தில்தான் பண்ணையும் சுரங்கமும் கடையும் நடந்தன. ஐரோப்பியப் போர்களில் கஜானாவைக் காலி செய்திருந்த ஸ்பெயின் அரசு, அந்த முதல் முழுவதையும் திரும்ப வசூலித்துத் தனக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. விளைச்சலில் வாழும் விவசாயி முதலை ஒரேயடியாக எப்படிக் கட்டுவான்? நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. கோடிக்கும் மேற்பட்ட வெள்ளிப் பெசோக்கள் கப்பலேறின. அதில் ஒரு பகுதி நெப்போலியனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகைக்குப் போயிற்று! ஹிடால்கோ குடும்பத்தின் பண்ணைகளும் கடனுக்காகப் பிடிக்கப்பட்டன. அவருடைய தம்பி மானுவேல் என்ற வழக்கறிஞர் அந்தக் கவலையில் மனம் பேதலித்து 1809இல் இறந்தார். வல்லடோலிட் மறைமாவட்டத்தில் இருந்த மானுவேல் அபாட் இ கெய்ப்போ என்ற குருவானவர் இவ்வாணையால் நாடு பாழாகும் என்று மன்னருக்கே விண்ணப்பம் எழுதினார். இவர் ஹிடால்கோவின் நண்பர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே.

1808இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. நெப்போலியன், ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோசையும் அவர் மகன் ஏழாம் பெர்னாண்டோவையும் பிரான்சுக்கு வரவழைத்து, இருவரையும் முடிதுறக்கச் செய்து, தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் ஏற்றினான். தொலைவில் இருந்த மன்னர் இப்போது சிறையில் இருந்தார். அப்படியானால் மெக்சிகோவை ஆள்வது யார்? மன்னர் இல்லாதபோது அதிகாரம் மக்களிடம் வந்து சேரும் என்று மெக்சிகோ நகர சபையினர் வாதாடினார்கள். ஸ்பானிய வணிகர்கள் பொறுக்கவில்லை. செப்டம்பர் 15ஆம் நாள் இரவு சுமார் 300 ஆட்களுடன் அரண்மனைக்குள் புகுந்து, நகர சபைக்கு இணங்கிய அரசப் பிரதிநிதியையே சிறைப்பிடித்தனர். சட்டத்தின் பெயரால் பேசியவர்கள் சிறையில். சட்டத்தை மீறியவர்கள் பதவியில். அமைதியான வழி அன்று இரவே அடைபட்டுவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. அடுத்து மழை பொய்த்தது. 1809, 1810 ஆண்டுகளில் சோளத்தின் விலை பல மடங்கு ஏறியது. பசித்த மக்கள் சாலைகளில் அலைந்தார்கள்.

கெரெட்டாரோ நகரில் இலக்கியக் கூட்டம் என்ற பெயரில் சிலர் இரகசியமாகக் கூடினார்கள். இக்னாசியோ அல்லெண்டே, ஹுவான் அல்டாமா என்ற படை அதிகாரிகளும் ஹிடால்கோவும் அதில் இருந்தனர். நகரின் நீதி அதிகாரியான மிகுவேல் டொமிங்கெசும் அவர் மனைவி ஜோசபா ஒர்டிஸ் அம்மையாரும் உடந்தை. இந்த அம்மையார் இளமையில் பெற்றோரை இழந்தவர். மெக்சிகோ நகரின் விஸ்கைனாஸ் பெண்கள் கல்லூரியில் படித்தவர். சதி வெளிப்பட்டபோது, தேடுதல் நடத்தும்படி கணவருக்கே உத்தரவு வந்தது. மனைவி அவசரப்பட்டு எதையாவது செய்துவிடுவாரோ என்று அஞ்சிய அவர், அம்மையாரை அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். பூட்டினால் என்ன? அவ்வறைக்குக் கீழே சிறைக் காவலர் இக்னாசியோ பெரெசின் இருப்பிடம். அம்மையார் காலால் தரையை உதைத்து அவரை வரவழைத்து, சாவித்துளை வழியாகவே செய்தியைச் சொல்லி அனுப்பினார். பெரெஸ் குதிரையேறி ஓட, செய்தி அல்டாமாவுக்கு எட்டியது. அவர் நள்ளிரவு தாண்டி டொலோரெஸ் வந்து சேர்ந்தார். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பிவிட்டார் அந்த அம்மையார்!

ஓடுவதா, ஒளிவதா என்று மற்றவர்கள் திகைக்க, ஹிடால்கோ நிதானமாகக் காலுறை அணிந்துகொண்டே, இனிக் கிளம்பவேண்டியதுதான் என்று முடிவு சொன்னாராம். சிறைக் கதவுகள் திறக்கப்பட்டன. மணி ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் சுற்றுப்புற மக்கள் திருப்பலிக்கும் சந்தைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். ஆலய வாயிலில் நின்று அவர் பேசிய சொற்களை அன்று எவரும் எழுதி வைக்கவில்லை. கெட்ட ஆட்சி ஒழிக என்றும், குவாடலூப்பே அன்னை வாழ்க என்றும் முழங்கினார் என்பது மட்டும் பலரும் சொன்ன செய்தி. மன்னர் பெர்னாண்டோவையும் வாழ்த்தினார் என்பார்கள். வழியில் அட்டோட்டோனில்கோ ஆலயத்தில் குவாடலூப்பே அன்னையின் படத்தை எடுத்து ஈட்டியில் கட்டினார்; அதுவே கொடியாயிற்று. பூர்வகுடிகளின் நிறத்தோடு காட்சி தந்த அன்னை என்று ஏழைகள் நம்பிய படம் அது. கையில் அரிவாளும் கவணும் தடியும் ஏந்தி ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர்.

இனி வருவதைச் சொல்லக் கை தயங்குகிறது. ஆனாலும் மறைக்க நமக்கு உரிமை இல்லை. செப்டம்பர் 28ஆம் நாள் கூட்டம் குவானாஹுவாட்டோ என்ற வெள்ளிச் சுரங்க நகரை அடைந்தது. மாநில அதிகாரி ரியானோ நல்லவர், ஹிடால்கோவின் நண்பர். அவர் ஸ்பானியர்களையும் அரசின் வெள்ளியையும் அல்ஹோண்டிகா என்ற பெரிய கல் களஞ்சியத்துக்குள் வைத்து அடைத்துக்கொண்டார். நகரின் ஏழைகளை வெளியே விட்டுவிட்டார். பஞ்ச காலத்தில், தானியக் களஞ்சியத்துக்குள் பணக்காரர் மட்டும்! ஏழைகள் எந்தப் பக்கம் சேர்வார்கள் என்பதைக் கேட்கவும் வேண்டுமோ? சண்டையின் தொடக்கத்திலேயே ரியானோ குண்டுபட்டு இறந்தார். முதுகில் கற்பலகையைக் கவிழ்த்துக்கொண்டு ஊர்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்த சுரங்கத் தொழிலாளி 'பிபிலா'வின் கதை இன்றும் அங்கே சொல்லப்படுகிறது. உள்ளே புகுந்த கூட்டம் சரணடைந்தவர்களையும் விடவில்லை. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், நகரம் சூறையாடப்பட்டது. அதைக் கண்ணால் கண்ட 17 வயது இளைஞர் லூக்காஸ் அலமான் பின்னாளில் பெரிய வரலாற்றாசிரியரானார். ஹிடால்கோவை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வல்லடோலிட் மறைமாவட்டத்தின் ஆயராக நியமனம் பெற்றிருந்தவர் ஹிடால்கோவைத் திருச்சபையினின்று விலக்கி அறிக்கை விட்டார். அவர் யார் தெரியுமா? மன்னருக்கு விண்ணப்பம் எழுதிய அதே அபாட் இ கெய்ப்போதான். நோயை இருவரும் ஒன்றாகவே கண்டனர், மருந்தில் பிரிந்தனர்.

அக்டோபர் 30ஆம் நாள் தலைநகருக்கு அருகில் மோன்டே டெ லாஸ் குரூசெஸ் மலையில் ஹிடால்கோவின் பெருங்கூட்டம் அரசப் படையை வென்றது. சுமார் 80,000 பேர் என்பர். மெக்சிகோ நகரம் கண்முன்னே. ஆயினும் ஹிடால்கோ நகருக்குள் நுழையவில்லை, திரும்பிவிட்டார். வெடிமருந்து தீர்ந்ததா, குவானாஹுவாட்டோவின் இரத்தம் நினைவுக்கு வந்ததா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டாவதுதான் காரணம் என்று நம்ப நமக்கு ஆசை. ஆனால் அடுத்து நடந்தது அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. குவாடலஹாரா நகரில் அவர் அடிமைத்தனத்தை ஒழித்தார். பத்து நாளுக்குள் அடிமைகளை விடுதலை செய்ய வேண்டும், மீறினால் மரணம் என்று 1810 டிசம்பர் 6ஆம் நாள் ஆணையிட்டார். பூர்வகுடிகளின் திறையை நீக்கினார். அவர்களுடைய நிலங்களைத் திருப்பித் தரச் சொன்னார். அதே நாட்களில், அதே நகரில், சிறைப்பட்ட ஸ்பானியர்கள் இரவோடு இரவாக ஊருக்கு வெளியே கொண்டுபோகப்பட்டு, விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்கள். ஹிடால்கோவின் அனுமதியோடுதான். ஒரே கையெழுத்து, ஒரே மாதம்! இதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நமக்கு மனம் ஆறவில்லை.

முடிவு விரைவில் வந்தது. 1811 ஜனவரி 17ஆம் நாள் கால்டெரோன் பாலத்தருகே அரசப் படையின் குண்டு ஒன்று வெடிமருந்து வண்டியில் விழுந்தது, காய்ந்த புல்வெளி தீப்பற்றியது, பெருங்கூட்டம் சிதறியது. அல்லெண்டேயும் மற்றவர்களும் அவரிடமிருந்து தலைமையைப் பறித்துக்கொண்டனர். வடக்கே போகும் வழியில் மார்ச் 21ஆம் நாள் எலிசோண்டோ என்பவன் காட்டிக்கொடுக்க, எல்லாரும் பிடிபட்டனர். சிவாவா நகரில் நடந்த விசாரணையில் ஹிடால்கோ எதையும் பிறர்மேல் போடவில்லை. கொலைகளுக்குத் தாமே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு வருந்தினார். குருத்துவ உடைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. ஜூலை 30ஆம் நாள் அதிகாலை, சுடவேண்டிய வீரர்களுக்கு இனிப்பு வழங்கிவிட்டு, இருட்டில் குறி தவறாமலிருக்கத் தம் நெஞ்சின்மேல் கையை வைத்துக் காட்டினார் என்பர். முந்திய நாள், தம்மிடம் அன்பாக நடந்த சிறைக்காவலர் இருவருக்கு நன்றி சொல்லிக் கரித்துண்டால் சுவரில் கவிதை எழுதி வைத்திருந்தார்.

ஹிடால்கோ, அல்லெண்டே, அல்டாமா, ஹிமெனெஸ் ஆகிய நால்வரின் தலைகளும் இரும்புக் கூண்டுகளில் அடைக்கப்பட்டு, அந்த அல்ஹோண்டிகா களஞ்சியத்தின் நான்கு மூலைகளில் தொங்கவிடப்பட்டன. பத்து ஆண்டுகள் தொங்கின. அதைப் பார்த்தும் மக்கள் அடங்கவில்லை. சான் நிக்கோலாஸ் கல்லூரியில் படித்த மொரேலோஸ் என்ற இன்னொரு குருவானவர் போரைத் தொடர்ந்து நடத்தி, 1815இல் அவரும் சுடப்பட்டு இறந்தார். 1821 செப்டம்பரில் மெக்சிகோ விடுதலை பெற்றது. தலைகள் இறக்கப்பட்டன. 1823இல் எலும்புகள் மெக்சிகோ நகரப் பேராலயத்துக்கு மரியாதையுடன் கொண்டுவரப்பட்டன. 1925 முதல் விடுதலைத் தூணின் அடியில் இருக்கின்றன.

ஜோசபா அம்மையாரைக் கன்னியர் மடங்களில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். விடுதலைக்குப் பின் பேரரசராக முடிசூடிக்கொண்ட இட்டுர்பிடே, தம் அரசிக்குத் தோழியாக இருக்கும்படி அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். 1829இல் காலமானார்.

டொலோரெஸ் ஊருக்கு இப்போது டொலோரெஸ் ஹிடால்கோ என்று பெயர். அந்த மணி 1896இல் மெக்சிகோ நகர அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 15ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் மாடத்தில் நின்று அதை அடித்து, விடுதலை வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, சதுக்கத்தில் நிற்கும் மக்கள் வாழ்க வாழ்க என்று முழங்குவார்கள். 2025இல் முதல் முறையாக ஒரு பெண், குடியரசுத் தலைவர் கிளாடியா ஷெயின்பாம், அந்த மணியை அடித்தார். அவர் சொன்ன பெயர்களில் ஹிடால்கோவின் பெயரும் இருந்தது. பூட்டிய அறையில் தரையை உதைத்த ஜோசபாவின் பெயரும் இருந்தது.